எந்தக் கேள்விக்கு நீதிமன்றம்?

2016 செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், பத்து நாட்களுக்கு விநாடிக்கு 15,000 கனஅடி வீதம் காவிரியில் தண்ணீர் திறந்துவிடும்படி கர்நாடகத்துக்கு ஆணையிட்டது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.3 டிஎம்சி. ஒரு வாரம் கழித்து அந்த அளவு 12,000 ஆனது. செப்டம்பர் 20 அன்று 6,000 என்றது நீதிமன்றம். அதற்கு முந்தைய நாள்தான் காவிரி மேற்பார்வைக் குழு 3,000 போதும் என்று கூறியிருந்தது. அக்டோபர் 4 அன்று அளவு 2,000க்கு இறங்கியது. இந்த ஒரு மாதத்துக்குள் பெங்களூருவில் பேருந்துகள் எரிந்தன. குடிநீருக்கு மட்டுமே தண்ணீர் என்று கர்நாடகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் ஆணையை ஒரு மாநிலம் வெளிப்படையாகவே தள்ளிப்போட்டது. இதே நதி, இதே நீதிமன்றம், இதே இரு மாநிலங்கள் 1991இலும் எதிரெதிரே நின்றன. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி தர வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் அந்த ஜூனில் இடைக்காலத் தீர்ப்பு வழங்கியது. அதைச் செல்லாததாக்க ஜூலை 25 அன்று கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்க, நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அவசரச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று கூறிவிட்டது. தன் வழக்கில் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் அமர முடியாது. ஒரு மன்றத்தின் தீர்ப்பைச் சட்டம் போட்டு அழிக்கவும் முடியாது. இதில் தயக்கமோ, ஒரு வாரத்துக்குப் பிறகான திருத்தமோ இல்லை. டிசம்பரில் கலவரம் வெடித்தது உண்மை. ஆனாலும் அந்தச் சட்டக் கருத்து அன்று முதல் இன்றுவரை அசையவில்லை.

அரசியல் கொந்தளிப்பு இரண்டு ஆண்டுகளிலும் இருந்தது. இரண்டிலும் தோற்ற தரப்பு சீறியது. ஆகவே ஒரு பதில் நிலைத்ததற்கும் இன்னொன்று நிலைக்காததற்கும் காரணத்தை அரசியலின் சூட்டில் தேடிப் பயனில்லை. அது கேட்கப்பட்ட கேள்வியில் இருக்கிறது. “மாநில அரசு இப்படி ஒரு சட்டம் போடலாமா?” என்பது ஒரு கேள்வி. “அடுத்த பத்து நாட்களுக்கு எத்தனை கனஅடி?” என்பது முற்றிலும் வேறு வகைக் கேள்வி. முதலாவதற்குப் பதில் சொல்ல நீதிபதியிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. பதிலுக்கான காரணத்தை எழுதலாம். தோற்றவர் அந்தக் காரணத்தை எடுத்து வைத்துக்கொண்டு எங்கே பிழை என்று வாதிடலாம். இரண்டாவதில் 12,000க்குப் பதில் 11,000 ஏன் இல்லை என்பதற்கு எழுதக்கூடிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு தகராறு நீதிமன்றத்தால் தீர்க்கத்தக்கதா என்று சட்ட நூல்கள் கேட்கின்றன. தகராறை மொத்தமாக எடுத்துக்கொண்டு அப்படிக் கேட்பதே தவறு என்று கருதுகிறேன். பெரிய தகராறு எதுவும் ஒற்றைக் கேள்வியாக வருவதில்லை. தீர்க்கத்தக்க கேள்விகளும் தீர்க்க இயலாத கேள்விகளும் அதில் பின்னிக் கிடக்கும். முதல் வகையைப் பிரித்தெடுத்து உறுதியாகப் பதில் சொல்வதும், இரண்டாவது வகைக்கு யார், எங்கே, எந்த முறையில், எந்தக் கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஆணையிடுவதுமே நீதிமன்றத்தின் வேலை.

அரசியல் விவகாரம் என்றால் நீதிமன்றம் ஒதுங்க வேண்டும் என்ற பழைய எல்லைக்கோடு நம் நாட்டில் ஏற்கெனவே உடைந்துவிட்டது. அதை உடைத்தது எஸ்.ஆர். பொம்மை வழக்கு. கர்நாடகத்தில் 1989 ஏப்ரலில் பொம்மை அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டது என்று ஆளுநர் அறிக்கை அனுப்ப, பிரிவு 356இன் கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது. மாநில ஆட்சியைக் கலைப்பதைவிட அரசியல்தனமான செயல் வேறு இருக்க முடியாது. அந்தப் பிரிவால் ஆட்சியை இழந்த அனுபவம் 1976லும் 1991லும் தமிழ்நாட்டுக்கும் உண்டு. 1994 மார்ச் 11 அன்று தீர்ப்பளித்த ஒன்பது நீதிபதிகளும் எல்லாவற்றிலும் ஒருமித்துப் பேசவில்லை. சிலர் நீதிமன்றம் தலையிடக்கூடிய இடத்தை மிகக் குறுக்கிப் பார்த்தார்கள். ஆனால் பெரும்பான்மையோர் எடுத்த வழி கவனத்துக்குரியது. பொம்மைக்குப் பெரும்பான்மை இருந்ததா என்ற கேள்விக்கு அவர்கள் எண்ணிக்கையில் பதில் தேடவில்லை. அதை எண்ண வேண்டிய இடம் ஆளுநரின் அறை அல்ல, சட்டமன்றம் என்றார்கள். கலைப்புக்குப் பின்னால் இருந்த ஆவணங்கள் விவகாரத்துக்குத் தொடர்புடையவைதானா என்று நீதிமன்றம் பார்க்கலாம். அவற்றிலிருந்து எடுத்த முடிவு சரியா என்று பார்க்காது. நீதிபதி பதில் சொல்லக் கூடாத ஒரு கேள்விக்கு, பதில் சொல்ல வேண்டியவரையும் இடத்தையும் அத்தீர்ப்பு நிர்ணயித்தது. அதன்பிறகு மாநில அரசுகளைக் கலைப்பது அடியோடு நிற்கவில்லை என்றாலும் முன்போல எளிதாக இல்லை.

அதே 1994இன் அக்டோபரில் அயோத்தி தொடர்பாக வந்த தீர்ப்பும் இந்தப் பிரிப்பைக் காட்டுகிறது. பாபர் மசூதி இருந்த இடத்தில் அதற்கு முன் ஒரு இந்துக் கோயில் இருந்ததா என்று பிரிவு 143இன் கீழ் மத்திய அரசின் ஆலோசனையில் குடியரசுத் தலைவர் கேட்டிருந்தார். ஐந்து நீதிபதிகளும் பதில் சொல்ல மறுத்தார்கள். அதே நேரத்தில், நிலுவையில் இருந்த உரிமை வழக்குகளை முடித்துவைக்க முயன்ற சட்டப்பிரிவைப் பெரும்பான்மையோர் ரத்து செய்து அவ்வழக்குகளுக்கு உயிர் கொடுத்தார்கள். நிலம் யாருடையது என்ற கேள்வியை 2019 நவம்பர் 9 அன்று நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தீர்ப்பிலேயே, தொல்லியல் ஆய்வின் கண்டுபிடிப்பை மட்டும் வைத்து நில உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்றும் கூறியது. வரலாற்றில் என்ன நடந்தது என்பதும் சட்டப்படி இன்று யாருக்கு உரிமை என்பதும் வெவ்வேறு என்ற தெளிவு அங்கே இருக்கிறது. அந்தத் தெளிவுக்கு இறுதி ஆணை உண்மையாக இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு, அவர்கள் கேள்வி நியாயமானது. ஒரே மண்ணின் மேல் நின்ற இரண்டு கேள்விகளில் ஒன்றை மறுத்து மற்றொன்றை ஏற்க முடிந்தது என்பதே இங்கே எனக்குத் தேவையான சான்று.

காவிரிக்குத் திரும்பலாம். ஏனெனில் இந்த வாதத்தின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி லான் ஃபுல்லரின் கட்டுரை ஒன்று அவர் மறைந்த 1978ஆம் ஆண்டில் வெளியானது. நீதிமன்றத் தீர்ப்பின் தனித்தன்மை, பாதிக்கப்படுகிறவர் சான்றும் வாதமும் கொண்டு முடிவில் பங்கெடுப்பதுதான் என்றார் அவர். அந்தப் பங்கேற்பு பொருளற்றுப் போகும் இடத்தில் தீர்ப்பும் பொருளற்றுப் போகிறது. அதற்கு அவர் காட்டிய ஓர் உதாரணம் ஓவியங்களைப் பற்றியது. ஒரு பெண்மணி தன் ஓவியச் சேகரிப்பை நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உள்ள இரண்டு அருங்காட்சியகங்களுக்குச் “சமமாக” எழுதிவைத்தார். எது யாருக்கு என்று சொல்லவில்லை. ஓர் ஓவியம் எங்கே போகிறது என்பது மற்ற எல்லா ஓவியங்களின் மதிப்பையும் இரு தரப்பின் விருப்பத்தையும் மாற்றிவிடும். ஒவ்வொரு ஓவியத்துக்கும் தனித்தனியே வாதம் கேட்டுத் தீர்ப்பளிப்பது இயலாத காரியம். இப்படி ஒன்றை இழுத்தால் எல்லாம் நகரும் சிக்கல்களை நீதிபதியைவிடப் பேரம் பேசுகிறவர்களும் நிர்வாகிகளும் நன்றாகக் கையாளுவார்கள் என்பது ஃபுல்லரின் முடிவு.

காவிரியில் இது அப்படியே பொருந்துகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை. தாமதமானால் சம்பா மட்டும். தென்மேற்குப் பருவமழை குடகில் எப்படிப் பெய்கிறது என்பதைப் பொறுத்துக் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகளின் இருப்பு மாறும். மண்டியாவின் கரும்புக்கும் நெல்லுக்கும் திறக்கும் ஒவ்வொரு நாளும் கடைமடையை எட்டும் நீர் குறையும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் நன்றாகப் பெய்துவிட்டால் செப்டம்பரில் உயிர்நிலையாகத் தோன்றிய ஓர் எண் பொருளிழந்துவிடும். பெங்களூருவின் குழாய்கள் தனிக் கணக்கு. இதில் ஓர் எண்ணை எடுத்து “இது சரியா தவறா” என்று வழக்கறிஞர்கள் வாதிடும்போது, மற்ற எண்கள் அத்தனையும் நீதிமன்றத்துக்கு வெளியே நகர்ந்துகொண்டிருக்கின்றன. வரலாறும் இதையே காட்டுகிறது. மெட்ராஸுக்கும் மைசூருக்கும் இடையிலான பிணக்கில் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் 1914இல் நடுவராக இருந்து தீர்ப்பளித்தார். மெட்ராஸ் அதை ஏற்கவில்லை. லண்டனில் இருந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் வரை முறையிட்டது. அந்தத் தீர்ப்பு நிலைபெறவில்லை. இரு தரப்பும் பேசி 1924 பிப்ரவரியில் எட்டிய ஒப்பந்தமே கிருஷ்ணராஜசாகருக்கும் மேட்டூருக்கும் வழிவிட்டது. அரசமைப்பை எழுதியவர்கள் பிரிவு 262இல், மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகளிலிருந்து உச்ச நீதிமன்றம் உள்ளிட்ட எல்லா நீதிமன்றங்களையும் விலக்கிவைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது. அது நீதித்துறையின் மேல் கொண்ட அவநம்பிக்கையால் வந்ததல்ல. கேள்வியின் தன்மையை அறிந்து செய்த ஏற்பாடு.

ஆனால் விலக்கிவைப்பது மட்டும் போதுமா? கீழ்மடை மாநிலத்தின் விவசாயி இந்த இடத்தில் எழுப்பும் எதிர்ப்பு இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே மிகக் கனமானது. தண்ணீர் மேல்மடையின் கையில் இருக்கிறது. பேச்சுவார்த்தை இழுபட்டால் இழப்பு ஒரு பக்கத்துக்கு மட்டும். நிபுணர் குழு, அரசியல் தீர்வு என்றெல்லாம் சொல்லி நீதிமன்றம் கை கழுவினால், அது நடுநிலை ஆகாது. கையில் வைத்திருப்பவனுக்குச் சாதகமான தீர்ப்பு ஆகிவிடும். இது முழு உண்மை. 1971இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கு பேச்சுவார்த்தையை நம்பி அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. பிறகு பல சுற்றுப் பேச்சு நடந்தும் முடிவு வரவில்லை. அதற்காகவே 1983இல் தஞ்சைப் பகுதி விவசாயிகளின் சங்கம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அவர்கள் கேட்டது கனஅடிக் கணக்கு அல்ல. சட்டப்படி மத்திய அரசு நடுவர் மன்றம் அமைத்தாக வேண்டும், ஏன் அமைக்கவில்லை என்றார்கள். 1990 மே 4 அன்று ஒரு மாதத்துக்குள் மன்றம் அமைக்கும்படி நீதிமன்றம் ஆணையிட, ஜூன் 2 அன்று அது அமைந்தது. நூறாண்டுத் தகராறில் நீதிமன்றம் செய்த ஆகப் பயனுள்ள செயல் எது என்று என்னைக் கேட்டால் இந்த ஆணையைத்தான் சொல்வேன். அதில் ஒரு துளித் தண்ணீரின் அளவும் இல்லை. அரசுக்கு ஒரு கடமை இருக்கிறது, அதைச் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்ற மூன்று வரிதான். வலுவற்ற தரப்பைக் காப்பது அளவைத் தானே சொல்லும் நீதிமன்றம் அல்ல. அளவைச் சொல்ல வேண்டியவரைத் தப்பிக்க விடாத நீதிமன்றம். ஆனால் அந்த மன்றம் இறுதித் தீர்ப்புக்கு எடுத்துக்கொண்ட 17 ஆண்டுகளும், 2007 பிப்ரவரியில் வந்த அந்தத் தீர்ப்பு அரசிதழில் ஏறக் காத்திருந்த ஆறு ஆண்டுகளும் இந்த ஏற்பாட்டின் பெருங்குறை. காலக்கெடுவும் நீதிமன்றம் பதில் சொல்லத்தக்க கேள்விதான். அதைப் போதிய அளவு கேட்கவில்லை.

2018 பிப்ரவரி 16 தீர்ப்பை இந்தக் கண்ணோடு படித்தால் அதன் வலுவும் வலுவின்மையும் தனித்தனியே தெரியும். 11ஆம் பிரிவின் தடை இருந்தும் நடுவர் மன்றத் தீர்ப்பின் மேல் மேல்முறையீட்டைக் கேட்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2016 டிசம்பரில் நீதிமன்றம் முடிவு செய்திருந்தது. பிறகு தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு பல கேள்விகளுக்கு விடை அளித்தது. 1892, 1924 ஒப்பந்தங்கள் வெள்ளையர் திணித்தவை என்பதால் செல்லாதவையா? செல்லும். 1924 ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இல்லை, 50 ஆண்டில் 1974இல் முடிந்தது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு ஏதேனும் ஒரு மாநிலத்துக்குச் சொந்தமா? இல்லை, அது நாட்டின் சொத்து. தீர்ப்பை நிறைவேற்றும் திட்டத்தை மத்திய அரசு உருவாக்கியே ஆக வேண்டுமா? ஆம், ஆறு வாரத்துக்குள். இவை ஒவ்வொன்றும் காரணம் எழுதத்தக்க கேள்வி. காரணம் எழுதவும் பட்டது. ஆறு வாரம் தவறியது, அவமதிப்பு மனுக்கள் வந்தன, மத்திய அரசு விளக்கம் கேட்டு இழுத்தது. ஆனாலும் மே 18 அன்று திட்டத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்து, ஜூன் 1 அன்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது.

அளவு பற்றிய பகுதி வேறு. நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கிட்டுத் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று வைத்திருந்தது. மீதி சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும். நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டிஎம்சியைக் குறைத்து 404.25 ஆக்கி, அதைக் கர்நாடகத்துக்குச் சேர்த்தது. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் வர வேண்டிய நீர் 192இலிருந்து 177.25 ஆனது. இந்த 14.75 ஓர் எண் போலத் தோன்றினாலும் இரண்டு வெவ்வேறு வகை முடிவுகளின் கூட்டல். 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. அந்நகரத்தில் காவிரிப் படுகைக்குள் விழும் மூன்றில் ஒரு பகுதிக்கு மட்டும் கணக்கிட்டு, அதிலும் பாதியை நிலத்தடி நீர் தரும் என்று வைத்திருந்தது நடுவர் மன்றம். ஒரு நகரத்தின் மக்களைப் படுகைக் கோட்டால் பிரித்து ஒரு தெருவுக்குக் குடிநீர் உண்டு, அடுத்த தெருவுக்கு இல்லை என்பது குடிநீருக்கு முதலிடம் என்ற கொள்கைக்கு ஒவ்வாது என்றது நீதிமன்றம். இதை நான் ஏற்காமல் போகலாம். படுகைக்கு வெளியே உள்ள தேவையைப் படுகை ஏன் சுமக்க வேண்டும் என்று எதிர்வாதம் செய்யலாம். ஆனால் அது கொள்கைக்கு எதிரான கொள்கை. வாதம் நடக்க இடம் இருக்கிறது. மீதி 10 டிஎம்சி டெல்டாவின் நிலத்தடி நீருக்காகக் கழிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் பாதுகாப்பாகப் பயன்படுத்தக் கிடைக்கிறது என்று கண்ட நடுவர் மன்றம் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நீதிமன்றம் அதில் பாதியைச் சேர்த்தது. அளவுக்கு மீறி இறைத்தால் வரும் கேட்டை நினைத்து மீதியை விட்டது. ஏன் பாதி? 8 ஏன் இல்லை, 12 ஏன் இல்லை? எச்சரிக்கை வேண்டும் என்பது காரணம்தான். ஆனால் அந்தக் காரணத்திலிருந்து 10 என்ற எண் பிறக்கவில்லை. கடலோரத்தில் உப்புநீர் ஏறும் ஒரு டெல்டாவில், மழை பொய்த்த ஆண்டில் அந்த 10 எங்கே இருக்கும் என்று கேட்கும் விவசாயிக்குத் தீர்ப்பின் பக்கங்களில் மறுமொழி இல்லை. நீதிமன்றம் தன் எல்லையைத் தாண்டிய இடம் இதுதான் என்பது என் துணிபு.

நீதிபதிகள் எண்களைத் தோராயமாகச் சொல்வது புதிதா என்று கேட்கலாம். விபத்து இழப்பீடு தினமும் வழங்கப்படுகிறது. ஓர் உயிரின் விலை யாருக்குத் தெரியும்? உண்மை. ஆனால் அங்கே வயதுக்கு ஏற்ற பெருக்கியை 2009இல் சர்லா வர்மா வழக்கில் நீதிமன்றமே அட்டவணையாக்கித் தந்தது. அட்டவணை குறையுள்ளதாக இருக்கலாம். ஆனாலும் அடுத்த வழக்குக்கும் அது பொருந்தும், முன்கூட்டியே தெரியும், வழக்கறிஞர் அதை வைத்து வாதிடலாம். தவிர, அந்தத் தொகை ஒரு முறை கொடுக்கப்பட்டு முடிகிறது. பிழை இரு தரப்போடு நிற்கிறது. நிலத்தடி நீரின் 10 டிஎம்சியோ எந்த அடுத்த வழக்குக்கும் பயன்படாத எண், ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கணக்கில் இறங்கும் எண், வழக்கில் பெயர் இல்லாத லட்சக்கணக்கானோரைத் தொடும் எண். அளவுகோல் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றம் அதை உருவாக்கலாம். உருவாக்கியது நாளைய வழக்கையும் அளக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

இன்னொரு எதிர்ப்பு அமெரிக்காவிலிருந்து வரும். அங்கே மாநிலங்களின் நதிநீர்ப் பிணக்குகளை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரிக்கிறது. 1907இல் கன்சாஸ் – கொலராடோ வழக்கில் நியாயமான பகிர்வு என்ற கொள்கையை அதுதான் வகுத்தது. அந்தக் கொள்கையே சுற்றி வந்து நம் நடுவர் மன்றங்களின் அடித்தளமாகவும் ஆனது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? அங்கும் அது எளிதாக நடக்கவில்லை என்பதே பதில். நீதிபதிகள் தாங்களே சாட்சி கேட்பதில்லை. சிறப்பு விசாரணையாளரை நியமித்து ஆண்டுக்கணக்கில் சான்று திரட்டச் செய்கிறார்கள். மாநிலங்களை ஒப்பந்தத்துக்குப் போகும்படி மீண்டும் மீண்டும் தூண்டுகிறார்கள். 2021 ஏப்ரலில் முடிந்த ஃபுளோரிடா – ஜார்ஜியா வழக்கு இதற்குச் சிறந்த சான்று. மேல்மடையில் ஜார்ஜியா மிகுதியாக நீர் எடுத்ததால் தன் சிப்பி வளம் அழிந்தது என்றது ஃபுளோரிடா. எத்தனை கனஅடி நியாயம் என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அழிவுக்குக் காரணம் ஜார்ஜியாதான் என்று தெளிவான, நம்பத்தக்க சான்றால் நிறுவவில்லை என்று கூறி ஒருமனதாக வழக்கைத் தள்ளியது. பகிர்வுக் கேள்வியை நிரூபிக்கும் சுமை பற்றிய கேள்வியாக மாற்றித் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தது.

என் வாதத்தில் ஓர் ஆபத்து இருப்பதையும் மறைக்கக் கூடாது. அளவுகோல் இல்லை என்று சொல்வது, விரும்பாத வழக்கிலிருந்து நழுவ எளிய வழியாகிவிடும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இந்த ஆபத்தின் இரு கரைகளைக் காட்டுகின்றன. டென்னசி மாநிலம் 1901க்குப் பிறகு தொகுதிகளை மாற்றியமைக்கவே இல்லை. நகரங்கள் பெருத்தும் கிராமத் தொகுதிகளின் வாக்குக்கே மதிப்பு அதிகம் இருந்தது. 1962இல் பேக்கர் வழக்கில், இது அரசியல் கேள்வி அல்ல, நீதிமன்றம் தீர்க்கலாம் என்று முடிவானது. அளவுகோல் எங்கே என்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் கடுமையாக மறுத்து எழுதினார். இரண்டே ஆண்டில் அளவுகோல் கிடைத்தது: ஆளுக்கு ஒரு வாக்கு, வாக்குகளுக்குச் சம மதிப்பு. 2019இல் ருச்சோ வழக்கில் ஆளும் கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைப்பது குறித்து அதே கேள்வி வந்தபோது, எவ்வளவு வளைத்தால் அதிகம் என்று சொல்ல அளவுகோல் இல்லை என ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் விலகியது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ககன், மாநிலங்கள் தாங்களே வகுத்த எல்லை வரையும் விதிகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான வரைபடங்களைக் கணினியால் உருவாக்கி, சர்ச்சைக்குரிய வரைபடம் அவற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று காணலாம் என்று காட்டினார். அவர் பக்கமே நியாயம் என்று நினைக்கிறேன். வேறு எந்த அமைப்பு பதில் சொல்லும் என்பதையும் விலகும் நீதிமன்றம் சொல்லியாக வேண்டும். வளைக்கப்பட்ட வரைபடத்தால் வென்று வந்த சட்டமன்றத்திடமே வளைவை நிமிர்த்தச் சொல்வது, 1991இல் கர்நாடகம் தன் வழக்கில் தானே நீதிபதியாக முயன்றதற்கு ஒப்பானது. மாற்று மன்றமே பிணக்கின் ஒரு தரப்பாக இருக்கும்போது, அளவுகோலைத் தேடும் சுமை நீதிமன்றத்தின் மேல் கூடுகிறது.

அண்மையில் தமிழ்நாட்டிலிருந்தே கிளம்பிய ஆளுநர் வழக்கில் இந்தப் பிரிப்பு மறுபடி சோதிக்கப்பட்டது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் கிடப்பில் போட்டதை எதிர்த்த வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று இருவர் அமர்வு பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றும், இனி இத்தனை மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதன்பின் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை அனுப்ப, நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு கருத்துரைத்தது. அரசமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் எழுத முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் வழியும் இல்லை. ஆளுநரின் முடிவின் தகுதிக்குள் நீதிமன்றம் போகாது. ஆனால் காரணமின்றி நீளும் மௌனத்தைக் கேள்வி கேட்டு, முடிவெடு என்று ஆணையிடலாம். கொள்கையளவில் இது நான் சொல்லும் பிரிப்புதான். ஆனால் அந்த நீளத்துக்கு எந்த அளவையும் சொல்லாமல் விட்டதால், ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனியே வழக்காட வேண்டிய நிலை வரும். எவ்வளவு காலம் நியாயம் என்பது நீதிமன்றங்கள் எந்நாளும் அளந்து பழகிய ஒன்று. அளக்கத் தெரிந்ததையும் அளக்காமல் விட்டது அந்தக் கருத்துரையின் குறை.

காவிரியில் அடுத்த சுற்று தொலைவில் இல்லை. 2018இல் வகுத்த பங்கீடு 15 ஆண்டுகளுக்கு மாறாது என்று நீதிமன்றம் சொன்னது. 2033இல் அந்தக் கெடு முடிகிறது. 2023இல் மழை குறைந்தபோது விநாடிக்கு 5,000 கனஅடி என்ற காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் உத்தரவில் தலையிட நீதிமன்றம் மறுத்தது. 2016இல் தானே எண்களைச் சொல்லிப் பார்த்த நீதிமன்றத்திடம் இது தெளிவான மாற்றம். காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணையின் திட்ட அறிக்கைக்கு எதிரான தமிழ்நாட்டின் மனு முன்கூட்டியது என்று 2025 நவம்பரில் கூறியதும் அந்த வழியில்தான். மத்திய நீர் ஆணையம் தமிழ்நாட்டின் எதிர்ப்பைக் கேட்டு முடிவு சொல்லட்டும் என்றது. தமிழ்நாட்டில் பலருக்கு இது ஏமாற்றம். ஆனால் இரு மாநிலங்களும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகத் தகுந்த ஒரு கேள்வி இன்னும் கேட்கப்படாமல் இருக்கிறது. மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை எல்லா மாநிலங்களும் பங்குக்கு ஏற்றபடி சுமக்க வேண்டும் என்று 2007 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கைக் காவிரி ஆணையம் எந்தச் சூத்திரத்தால் போடுகிறது, அணைகளுக்கு வந்த நீரின் எந்தத் தரவை எடுத்துக்கொள்கிறது, அதை எந்தத் தேதிக்குள் எழுதி வெளியிட வேண்டும், எழுதிய சூத்திரத்தை மீறினால் யார் பதில் சொல்ல வேண்டும்? கனஅடி எண்ணிக்கை ஒன்றுமே இல்லாத இந்தக் கேள்விகளுக்கு ஒரு நீதிபதி காரணத்தோடு பதில் எழுத முடியும். அந்தப் பதில் கிடைத்தால் அடுத்த வறட்சியில் கனஅடியைச் சொல்லும் பொறியாளரின் கையில், இரு மாநிலங்களும் முன்பே பார்த்த ஒரு சூத்திரம் இருக்கும்.